சின்ன அறைக்கு ஏற்ற சப்வூஃபர்: அளவெடுப்பதில் தொடங்கி அமைத்து முடிப்பது வரை

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்களில் பலர் சப்வூஃபரை, அதாவது பேஸ் எனும் அடித்தொனியை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டியை, கடைசியாகத்தான் வாங்குகிறார்கள். டிவி, ரிசீவர் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெட்டி), ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியதுபோக மிஞ்சிய காசுக்கு, சோபாவும் டிவி ஸ்டாண்டும் போக மிஞ்சிய மூலையில் உட்காரும் பெட்டி எது என்று தேடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு பாட்டும் ஒரே மாதிரி "தும் தும்" என்று கேட்கிறது என்றோ, குண்டு வெடிக்கும் காட்சியில் பெட்டி தட்டுகிறதே தவிர அதிர்வு வரவில்லை என்றோ புலம்பல். இரண்டுமே பெரும்பாலும் வாங்குவதற்கு முன்பே தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். அறை முதலில், பெட்டி அதற்குப் பிறகு என்ற வரிசையில் போனால் போதும்.

படி 1: அறையை அளந்து கணக்குப் போடுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் குறித்துக்கொள்ளுங்கள். 565 என்ற எண்ணை ஒவ்வொரு அளவாலும் வகுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. அதில் பாதி 565. வரும் விடைதான் அந்த இரு சுவர்களுக்கு நடுவே தேங்கி நின்று ஓங்கி ஒலிக்கும் முதல் அதிர்வெண்.

12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். நம் வீடுகளில் கூரையும் ஏறக்குறைய 10 அடிதான் என்பதால் அதற்கும் அதே 56. ஆக, அகலமும் உயரமும் ஒரே அதிர்வெண்ணைத் தூக்கிவிடுகின்றன. டிரம் செட்டின் கிக் டிரம் அடி பெரும்பாலும் 50 முதல் 60 ஹெர்ட்ஸில் விழுகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "தும்" கேட்பதற்கு இதுதான் காரணம். பத்துக்குப் பத்து அறை என்றால் மூன்று அளவும் ஒன்றாகிவிடும்; பேஸுக்கு அதைவிட மோசமான வடிவம் கிடையாது. வேறு அறை இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

இந்த அதிர்வெண்கள் சுவரோரம் உச்சத்தில் இருக்கும், இரு சுவர்களுக்குச் சரிநடுவில் காணாமல் போகும். எனவே 12 அடி நீள அறையில் 6-வது அடியில் நாற்காலி போட்டால் 47 ஹெர்ட்ஸ் காதுக்கே வராது. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டினால் அளவுக்கு மீறி வரும். பின்சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்காருவது நல்லது. அவ்வளவு இடமில்லை என்றால், தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடியாவது விடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இணையத்தில் படிக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமான சுவர்கள் தாங்களே சற்று அசைந்து பேஸில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படி விழுங்குவதில்லை. உள்ளே உருவாகும் பேஸ் உள்ளேயே சுற்றும். அதனால் நம் அறையில் மேடுகள், அதாவது அளவுக்கு மீறி ஒலிக்கும் அதிர்வெண்கள், இன்னும் உயரமாக இருக்கும். அதே காரணத்தால் ஆழமான பேஸ் குறைந்த சக்தியிலேயே கிடைக்கும். அறையின் முதல் அதிர்வெண்ணுக்குக் கீழே, அதாவது இங்கே 47-க்குக் கீழே, மூடிய அறை சப்வூஃபருக்கு இலவசமாகக் கைகொடுக்கிறது. இதை ரூம் கெயின் என்பார்கள். கதவு, ஜன்னல் எவ்வளவு இறுக்கமாக மூடுகின்றனவோ அவ்வளவு கெயின்.

ஹால், டைனிங், சமையலறை எல்லாம் கதவில்லாமல் ஒன்றோடொன்று திறந்திருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது. டிவி இருக்கும் பகுதி 120 சதுர அடியாக இருந்தாலும், சப்வூஃபர் நிரப்ப வேண்டியது திறந்திருக்கும் மொத்த இடத்தையும்தான். மூடிய 10×12×10 அறை 1,200 கன அடி. திறந்த ஹால் 350 சதுர அடி என்றால் 3,500 கன அடி. அந்த இடத்துக்குக் குட்டிப் பெட்டி ஒன்று போதாது.

படி 2: எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்

சப்வூஃபர் வடிவமைப்பில் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள "எச்" இந்த ஹாஃப்மன்தான். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், மீதி இரண்டில் ஒன்று போகும். ஆழம் வேண்டுமென்றால் உள்ளே பெரிய ஆம்ப் (கூம்பை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். அது விலையில் தெரியும். விலையும் குறைவாக இருக்க வேண்டுமென்றால் ஆழம் போய்விடும். அளவிலும் சின்னது, விலையிலும் சின்னது, ஆனால் 20 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதன் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். அதே சத்தத்தை ஒரு எட்டகம் கீழே, அதாவது 40-க்குப் பதில் 20 ஹெர்ட்ஸில், கொடுக்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 8 இன்ச் கூம்பின் பரப்பை 12 இன்ச் கூம்போடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. அதே வேலையைச் செய்ய அது இரண்டேகால் மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஓட முடியாத இடத்தில்தான் "டப், டப்" என்ற தட்டல் கேட்கிறது.

சினிமாவில் எது எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். இடி, வெடி, ஹெலிகாப்டர், பூமி அதிர்வு போன்ற எஃபெக்ட்கள் 20 முதல் 40 வரை. பெரும்பாலும் பாட்டும் சீரியலும் வழக்கமான படங்களும்தான் என்றால் 35 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் பெட்டி போதும். ஆக்‌ஷன் படத்தில் நெஞ்சு அதிர வேண்டும் என்றால் 25-ஐ இலக்காக வையுங்கள்.

படி 3: பெட்டியின் வகை

மூடிய பெட்டி, அதாவது சீல்டு: பெட்டியால் ஒழுங்காக இறங்க முடிந்த எல்லைக்குக் கீழே சத்தம் மெதுவாக, எட்டகத்துக்கு 12 டெசிபல் (சத்தத்தின் அலகு) வீதம் இறங்குகிறது. சின்ன மூடிய அறையின் ரூம் கெயின் ஏறக்குறைய இதற்கு நேர் எதிர்த்திசையில் ஏறுவதால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன. முப்பதில் நிற்கும் என்று காகிதத்தில் சொல்லும் சீல்டு பெட்டி, செங்கல் அறையில் அதற்கும் கீழே போவது இதனால்தான்.

போர்ட், அதாவது காற்று போய்வரும் துளை, வைத்த பெட்டி: அதே ஆம்பில் கூடுதல் சத்தம் தரும். ஆனால் போர்ட்டின் எல்லைக்குக் கீழே எட்டகத்துக்கு 24 டெசிபல் வீதம் சட்டென்று விழுந்துவிடும். அளவைக் குறைப்பதற்காகப் போர்ட்டைச் சின்னதாக வைத்த மலிவான மாடல்களில் "புஸ், புஸ்" என்று காற்றுச் சத்தமும் வரும். இவற்றின் எல்லை பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அறையின் 47-ம் 56-ம் அங்கேயேதான் தூக்குகின்றன. மேட்டின்மேல் மேடு. இதோடு, போர்ட் வழியாகக் கரப்பானும் பல்லியும் உள்ளே குடியேறுவது நம் ஊரில் விளையாட்டான விஷயம் இல்லை.

பேசிவ் ரேடியேட்டர்: போர்ட்டுக்குப் பதிலாக, காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாத ஒரு கூம்பு. போர்ட் சத்தம் இராது. கீழே விழும் வேகம் போர்ட்டைப்போலவே.

இரண்டு கூம்புகள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி இருக்கும் வகை: ஒரே நேரத்தில் இரண்டும் வெளியே தள்ளுவதால் பெட்டியின் ஆட்டம் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகிறது. இருபது கிலோவுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி தரையில் நகராமல் இருக்க இது நல்ல வழி.

மூடிய 10×12 அறைக்கு எங்கள் தேர்வு, 10 அல்லது 12 இன்ச் சீல்டு, அல்லது இரண்டு 8 இன்ச் கூம்புகள் எதிரெதிராக உள்ள பெட்டி. எடுத்துக்காட்டாக எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ, ஒரு 12 இன்ச் கூம்பும் 325 வாட்ஸ் ஆம்பும் உள்ள சீல்டு பெட்டி. அதே நிறுவனத்தின் 3000 மைக்ரோ, இரண்டு 8 இன்ச் கூம்புகளை 800 வாட்ஸோடு ஏறக்குறைய 11 இன்ச் கனசதுரத்தில் அடக்குகிறது. கெஃப் கேசி62 இன்னும் சின்னது: 25 சென்டிமீட்டர் பெட்டியில் இரண்டு ஆறரை இன்ச் கூம்புகள், மொத்தம் 1,000 வாட்ஸ். பெட்டி சுருங்கச் சுருங்க வாட்ஸ் ஏறுவதைப் பாருங்கள். ஹாஃப்மன் விதி கண்ணெதிரே. கேசி62 பொறியியலில் அருமை. ஆனால் அலமாரிக்குள் ஒளித்துவைக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

படி 4: அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்களைப் படிப்பது

வாட்ஸ் என்றால் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரும் சக்தியை மட்டும் பாருங்கள். பீக், அதாவது கணநேர உச்சம், பெரும்பாலும் அதன் இரு மடங்கு. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் சக்தி இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். 150-க்கும் 200 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எட்டாது.

அதிர்வெண் எல்லையில், பக்கத்தில் "±3 டெசிபல்" (சத்தம் அதற்கு மேல் ஏறி இறங்காது என்ற உறுதி) இருக்கிறதா என்று பாருங்கள். "25–150 ஹெர்ட்ஸ்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால், 25-ல் சத்தம் 10 டெசிபல் குறைந்திருக்கலாம். காதுக்கு அது பாதிச் சத்தம் அல்லது அதற்கும் குறைவு.

சிடிஏ-2010 என்ற அளவீட்டு முறைப்படி சோதித்த எண்கள் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதை நம்பலாம். 25, 31.5, 40 ஹெர்ட்ஸில் குறிப்பிட்ட திரிபுக்குள் பெட்டி எவ்வளவு டெசிபல் தருகிறது என்று அது சொல்லும். சினிமா தர முழுச் சத்தத்தில் எல்.எஃப்.இ. எனப்படும், பேஸ் எஃபெக்ட்களுக்கான தனிச் சேனலின் உச்சம் 115 டெசிபல். வீட்டில் பெரும்பாலும் அதைவிட 15, 20 டெசிபல் குறைத்துத்தான் கேட்போம். எனவே 31.5-ல் 100-ஐ ஒட்டி நிற்கும் பெட்டி சின்ன அறைக்குத் தாராளம்.

பின்பக்கத் தகடும் முக்கியம். ஆர்.சி.ஏ. எல்.எஃப்.இ. உள்ளீடு, கூம்பு ஓடும் திசையை எதிராகத் திருப்பும் ஃபேஸ் (0/180) சுவிட்ச், மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரை முழுவதுமாக அணைக்கும் வசதி மூன்றும் வேண்டும். ரிசீவர் இல்லாமல் ஸ்டீரியோ ஆம்பில் இணைப்பவர்கள், ஸ்பீக்கர் வயரை நேரடியாகச் செருகும் உள்ளீடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கி ஏமாறும் இடங்கள் மூன்று. பழைய ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து பிரித்து விற்கும் சப்வூஃபர்களில் பலவற்றுக்குள் ஆம்பே கிடையாது. பிளக் வயர் இல்லாத பெட்டி என்றால் தள்ளி நில்லுங்கள். சோனோஸ் சப் மினி போன்ற வயர்லெஸ் பெட்டிகள் அவற்றின் சொந்தக் குடும்பத்து ஸ்பீக்கர்களோடு மட்டுமே பேசும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம். தகட்டில் 230 என்று இல்லாமல் நம் பிளக் பாயிண்டில் செருகினால் முதல் நாளே ஆம்ப் போய்விடும்.

படி 5: இடம் தேடுவது

இது கொஞ்சம் வேடிக்கையாகத் தெரியும், ஆனால் இதைவிட நல்ல இலவச வழி இல்லை. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிடாரின் ஓட்டம் தெளிவாக உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். பெட்டியை வைக்கச் சாத்தியமான இடங்களில் எல்லாம் சுவரோரமாகத் தவழ்ந்து, காதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம் வரும். சத்தம் அதிகமான இடத்தைத் தேடாதீர்கள். சுரங்கள் சமமாக இருக்கும் இடம்தான் வேண்டும். அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினால் அதே சமம் அங்கே கிடைக்கும்.

மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், ஆனால் அறையின் எல்லா மேடுகளும் ஒன்றாகக் கிளம்பும். ஆம்ப் திணறும் சின்னப் பெட்டிக்கு மூலை உதவும். மற்றபடி முன்சுவரில், மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளித் தொடங்குங்கள். பின்னால் ஆம்ப் தகடு சூடாகும் என்பதால் சுவரிலிருந்து மூன்று இன்ச்சாவது விடுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் பெட்டியின் எம்.டி.எஃப். (மரநார்) பலகையின் அடியில் ஏறினால் அது ஊதிவிடும். ரப்பர் கால்கள் இல்லாமல் நேரே தரையில் வைக்காதீர்கள்.

படி 6: இணைப்பும் அமைப்பும்

ரிசீவரின் "சப் அவுட்"டிலிருந்து பெட்டியின் எல்.எஃப்.இ. உள்ளீட்டுக்கு ஷீல்டு உள்ள ஒரே ஒரு ஆர்.சி.ஏ. வயர். கரண்ட் வயரோடு நீளவாக்கில் ஒட்டிப் போகாமல், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

பெட்டியில்: ஃபில்டர் குமிழை அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள், அல்லது எல்.எஃப்.இ. முறைக்கு மாற்றுங்கள். ஃபேஸ் 0. வால்யூம் பாதி. குமிழை 80-ல் விட்டுவிட்டு ரிசீவரிலும் 80 என்று வைப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. இரண்டு ஃபில்டர்கள் சேர்ந்து 60-க்கும் 100-க்கும் நடுவே ஒரு பள்ளம் தோண்டிவிடும்.

பிறகு ரிசீவரின் தானியங்கி அளவீடு: டெனானில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ. சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். மைக்கைக் காது உயரத்தில் டிரைபாடில் வையுங்கள், சோபா முதுகில் வேண்டாம். முடிந்ததும் நான்கு இடங்களைச் சரிபாருங்கள்:

- ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று போட்டிருந்தால் "ஸ்மால்" ஆக மாற்றுங்கள்; அப்போதுதான் அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போகும்.
- ஐந்து, ஆறு இன்ச் கூம்புள்ள ஸ்பீக்கருக்குக் கிராஸ்ஓவர் (ஒலி ஸ்பீக்கரிலிருந்து சப்வூஃபருக்குக் கைமாறும் அதிர்வெண்) 80. நாலு இன்ச்சுக்கு 100. உள்ளங்கை அளவு சாட்டிலைட்டுக்கு 120. நூறைத் தாண்டினால் ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபரிலிருந்து வரத் தொடங்கும். அப்போது பெட்டி டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.
- சப்வூஃபரின் அளவு −12-ல் முட்டி நின்றால் பெட்டியின் வால்யூமைக் குறைத்து மறுபடி அளக்கவும். பிளஸ்ஸில் வந்தால் கூட்டவும். −3 முதல் −8 வரை வந்தால் நிம்மதி.
- எட்டடி தள்ளி இருக்கும் பெட்டிக்கு 14 அடி என்று காட்டினால் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றின் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகவே கணக்கிடுகிறது.

கடைசியாக 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை முன் ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபரிலும் சேர்ந்து ஒலிக்கவிட்டு, ஃபேஸை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி.

கோளாறுகள்

ஹம் என்ற ரீங்காரம்: வயரைச் சப்வூஃபர் முனையில் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் எர்த் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகிவிட்ட கோளாறு. அடுத்து செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அதுதான். கேபிள் லைனில் ஒரு ஐசோலேட்டர் போடுங்கள், ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். எர்த் முள்ளை வெட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடகடப்பு: 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். சப்வூஃபர் கிழிந்துவிட்டது என்று சர்வீஸுக்கு எடுத்துப்போகும் முன் பீரோவைத் தொட்டுப் பாருங்கள். கதவு மட்டுமில்லை, பூட்டில் தொங்கும் சாவிக்கொத்துகூட 50 ஹெர்ட்ஸில் தனியாகத் தாளம் போடும். ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கிரில், ஏசியின் இறக்கை, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் அடுத்த சந்தேகங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டினால் பாதி அடங்கும்.

பேஸ் அடிக்கடி காணாமல் போவது: இரவில் வால்யூம் குறைத்துப் பார்க்கும்போது பெட்டியின் ஆட்டோ ஸ்டான்ட்பை சிக்னல் போதவில்லை என்று தூங்கிவிடுகிறது. "ஆன்" என்று நிரந்தரமாக வையுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் பேஸ் இல்லை: அது அறையின் பள்ளம். ஈக்வலைசரில் எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது, ஆம்ப்தான் சூடாகும். பெட்டியையோ நாற்காலியையோ ஓரடி நகர்த்துவதே வழி. யூமிக்-1 மைக்கும், இலவசமான ஆர்ஈடபிள்யூ மென்பொருளும் இருந்தால் பள்ளத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கீழ்வீட்டார் கதவைத் தட்டுவது: தரைக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்கும் ஃபோம் மரத்தரையில் பலன் தரும், கான்கிரீட்டில் சொற்பம். முப்பது ஹெர்ட்ஸைத் தடுக்கும் திரையோ பஞ்சோ கிடையாது. ரிசீவரின் நைட் மோடைப் போட்டு, சப்வூஃபரை 4, 5 டெசிபல் இறக்குவதுதான் நடைமுறை.

இரண்டாவது பெட்டி எப்போது

ஒரே நாற்காலிக்கு ஒன்று போதும். குடும்பமாக மூன்று நான்கு பேர் வரிசையாக உட்காரும் அறையில், ஒரு பெரிய பெட்டியைவிட ஒரே மாடலில் இரண்டு சின்னப் பெட்டிகள் மேல். ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி செய்த ஆய்வுகள் காட்டியபடி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால், அந்தச் சுவர்களுக்கு நடுவே தேங்கும் முதல் அதிர்வெண்ணை அவை இரண்டும் சேர்ந்து கிளப்பாமல் விட்டுவிடுகின்றன. 12 அடி நீளத்தின் இரு முனைச் சுவர்களிலும் வைத்தால் 47 ஹெர்ட்ஸ் மேடு தணியும். முதலில் ஒன்றை வாங்கி மூன்று மாதம் கேட்டுவிட்டு அதே மாடலில் அடுத்ததை வாங்கலாம். மாடல் மாறினால் தாமதமும் எல்லையும் மாறி ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டையும் இணைத்த பிறகு தானியங்கி அளவீட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், பழைய எண்கள் எதுவும் இனி பொருந்தாது.